அட்டையிலிருந்து கணினிக்கு: ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

ஜூன் 3, காலை (கேள்வி)

மூன்று மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் கிளினிக்கில் இதுவரை எல்லாம் காகித அட்டைதான். மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு மாறுவதென்று முடிவு செய்து மென்பொருளையும் தேர்ந்தெடுத்துவிட்டோம். இரண்டு வாரத்தில் தொடங்கிவிடலாம் என்கிறார் விற்பனையாளர். பழைய அட்டைகளை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, பணியாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் கொடுத்துவிட்டால் ஆயத்தம் முடிந்தது என்று நினைக்கிறேன். விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா?

ஜூன் 3, இரவு (பதில்)

விட்டுப்போனது உங்கள் கிளினிக்தான். மென்பொருளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஸ்கேனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஓர் அட்டை அலமாரியை விட்டுக் கிளம்பி மீண்டும் அலமாரிக்குத் திரும்பும்வரை உங்கள் இடத்தில் என்னென்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாங்களும் இப்படித்தான் தொடங்கினோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மாறியபோது தொடக்கத் தேதியை இரண்டு முறை தள்ளிவைக்க நேர்ந்தது. முதல்முறை தள்ளிவைத்த காரணத்தைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. பயிற்சி கொடுக்க வந்த இளைஞர், "ஆய்வக முடிவு வந்தால் இங்கே முதலில் யார் பார்ப்பார்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டார். அறையில் இருந்த நான்கு பேரும் நான்கு விதமாகப் பதில் சொன்னோம். அன்று மாலையே ஓர் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் நாங்களும் நடந்தோம். அதில் எழுதுபவர் யார், படிப்பவர் யார், எந்த மேசையில் காத்திருக்கிறது, அங்கிருந்து அதை நகர்த்துபவர் யார் என்று ஒரு பெரிய தாளில் குறித்துக்கொண்டே போனோம். ஒரு நோயாளியின் ஒரே வருகைக்குள் அட்டை ஒன்பது முறை கைமாறுகிறது என்று தெரிந்தது. அவற்றுள் மூன்றுக்கு, விற்பனையாளர் காட்டிய திரைகளில் இடமே இல்லை.

ஆகவே முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். கணினி எதையும் திறக்காமல், ஓர் அட்டையோடு ஒரு நாள் நடந்து பாருங்கள்.

ஜூன் 4

திருத்தம். ஒன்பது இல்லை, பதினொன்று. நேற்று எழுதியதை எங்கள் வரவேற்பு மேசைப் பணியாளரிடம் காட்டினேன். "டாக்டர், நான் இரண்டு முறை எடுத்து அடுக்கை மாற்றி வைப்பேனே, அதை நீங்கள் எண்ணவே இல்லையே" என்றார். காய்ச்சலோடு வரும் குழந்தையின் அட்டையை அவர் அடுக்கில் மேலே ஏற்றிவைப்பது, அட்டை இருந்த காலமெல்லாம் என் கண்ணெதிரே நடந்தும் எனக்குத் தெரியாது. நோயாளிகளை எந்த வரிசையில் அழைப்பது என்பதை நான் முடிவு செய்வதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6

அட்டையோடு நடந்து பார்த்ததில் கிடைத்த பெரிய பாடத்தை அன்றே எழுதியிருக்க வேண்டும், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காகிதத்தில் எழுதியிருப்பது மட்டும் செய்தியன்று, அந்தக் காகிதம் இருக்கும் இடமும் செய்தி. எங்களிடம் ஆய்வக அறிக்கை வந்தால் அதை அட்டையின் வெளிப்புறத்தில் கிளிப் போட்டு என் மேசையின் இடது ஓரத்தில் வைப்பார்கள். நான் பார்த்து, சுருக்கொப்பமிட்டு, கிளிப்பை எடுத்து டப்பாவில் போட்டு, அறிக்கையை அட்டைக்குள் செருகுவேன். கிளிப் வெளியே இருந்தால் பார்க்கப்படவில்லை என்று பொருள். கிளிப் இல்லாவிட்டால் பார்த்தாயிற்று. இந்த விதியை யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. மாலையில் இடது ஓரத்தில் அட்டை மீதமிருந்தால், என்னை வீட்டுக்குப் போகவிடாமல் செவிலியர் கதவருகே நிற்பார்.

கணினிக்கு மாறிய மூன்றாவது வாரத்தில் ஒரு நோயாளியின் பொட்டாசியம் அளவு அபாயகரமாக உயர்ந்து வந்த முடிவு, மற்ற இருபது இயல்பான முடிவுகளுக்கு நடுவே ஒரு பட்டியலில் ஒன்றரை நாள் அப்படியே கிடந்தது. பட்டியலில் இருந்தது என்னவோ உண்மை. ஆனால் அதற்கு இடது ஓரம் இல்லை, கிளிப் இல்லை, கதவருகே நிற்க ஆளும் இல்லை. செவிலியருக்கு அந்தப் பட்டியலைப் பார்க்கும் அனுமதியையே நாங்கள் கொடுத்திருக்கவில்லை. மருத்துவர்தானே முடிவைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பில், அனுமதிகளை ஒதுக்கிய அன்று அவர் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தைக் காலியாக விட்டவன் நானே. நோயாளிக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை. மறுநாள் அவரே வேறொரு காரணத்துக்காகத் தொலைபேசியில் அழைத்ததால் தப்பினோம்.

இப்போது, "பார்க்கப்படாத முடிவுகள்" என்ற பட்டியல் காலியாகாமல் அன்றைய நாள் முடிவதில்லை. அதைச் சரிபார்ப்பவர் செவிலியர். ஆய்வகமே தொலைபேசியில் சொல்ல வேண்டிய அவசர அளவுகள் எவை என்று ஆய்வகத்தோடு எழுத்தில் ஒப்பந்தமும் இருக்கிறது. உங்கள் இடத்தில் கிளிப்புக்கு ஈடான பொருள் எது என்று தேடிப் பாருங்கள். சாய்த்து வைத்த அட்டையாக இருக்கலாம், தலைகீழாகத் திருப்பி வைத்த கோப்பாக இருக்கலாம், ஒரு மேசை இழுப்பறையாகவும் இருக்கலாம்.

ஜூன் 7

எங்கள் அட்டைகளின் வலது மேல் மூலையில் சிலவற்றில் சிவப்பு மையில் ஒரு சிறு வட்டம் இருக்கும். ஏதோ பழைய கட்டணப் பாக்கி என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். ஸ்கேன் செய்யும்போது நிறம் வேண்டாம், கறுப்பு வெள்ளை போதும், கோப்பின் அளவு குறையும் என்று சொன்னவனும் நான்தான். இருநூறு அட்டைகள் முடிந்த பிறகு, வரவேற்பு மேசையில் முன்பு இருந்து ஓய்வுபெற்றவர் ஒரு நாள் வந்திருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: காது சரியாகக் கேட்காதவர்களுக்கு அவர் வைத்த அடையாளம் அது. பெயரை உரக்கச் சொல்லி அழைத்தால் போதாது, அருகே போய்த் தோளைத் தொட்டு அழைக்க வேண்டும். அந்த இருநூறையும் மீண்டும் எடுத்துப் பார்த்தோம்.

அட்டைகளில் உள்ள ஒவ்வொரு குறிக்கும் பொருள் என்ன என்று பழைய பணியாளர்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஓய்வுபெற்றவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள்.

ஜூன் 11

"அப்படியானால் ஸ்கேன் வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். ஆனால் ஸ்கேன் என்பது படம். படத்துக்குள் இருக்கும் பென்சிலின் ஒவ்வாமையைக் கணினி படிக்காது. பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலினை நீங்கள் எழுதும்போது எச்சரிக்கவும் செய்யாது. எச்சரிக்கை வர வேண்டுமானால் ஒவ்வாமை அதற்குரிய கட்டத்தில் தட்டச்சாகியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தட்டச்சு செய்வதும் நடக்கிற காரியமன்று. நாங்கள் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டோம்: ஒவ்வாமை, இப்போது உட்கொள்ளும் மருந்துகள், தொடரும் நோய்களின் பட்டியல், தடுப்பூசி விவரம். மீதி படமாகவே இருக்கட்டும் என்று விட்டோம். அதிலும் கடந்த பதினெட்டு மாதங்களில் வந்தவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்றினோம். மற்றவர்களுக்கு அவர்கள் அடுத்து வரும் நாளன்று ஏற்றினோம்.

தொடரும் நோய்களின் பட்டியலை மருத்துவரே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோயாளியின் பதிவைச் சிக்கல்களின் பட்டியலைச் சுற்றி அமைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968இல் எழுதியபோது அவர் கணினிக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. நோயாளி சொன்னது, நாம் கண்டது, நம் மதிப்பீடு, அடுத்த திட்டம் என்று இன்று நாம் குறிப்பு எழுதும் வரிசையும் அந்த முறையிலிருந்து வந்ததே. பழைய அட்டையைப் புரட்டி இந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தபோதுதான், ஒரு நோயாளியின் இரத்தசோகைக்குக் காரணம் என்ன என்று ஆறு ஆண்டுகளாக நான் தேடவே இல்லை என்பது புலப்பட்டது. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் தவறாமல் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 12

ஒவ்வாமை பற்றி ஒன்றை மறந்துவிட்டேன். அட்டைகளில் "ஒவ்வாமை: இல்லை" என்று இருந்ததையெல்லாம் தட்டச்சு செய்த பணியாளர் அப்படியே ஏற்றிவிட்டார். பாதி அட்டைகளில் அந்த "இல்லை"க்குக் கேட்டோம், இல்லை என்றார்கள் என்பது பொருள். மீதியில் தகவல் இல்லை என்பது பொருள். "ஒவ்வாமை கிடையாது", "இன்னும் கேட்கவில்லை" என்று இரண்டு தனித்தனித் தேர்வுகள் உங்கள் மென்பொருளில் உள்ளனவா என்று பாருங்கள். அட்டையை மட்டும் நம்பி முதலாவதைத் தேர்ந்தெடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

ஜூன் 15

ஒரு நாள் பயிற்சி போதுமா என்பதற்கு வருகிறேன். ஒரு நாள் என்பது கடவுச்சொல் போடவும், பொத்தான்கள் எங்கே என்று தெரிந்துகொள்ளவும் சரியாகிவிடும். நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், பயிற்சியில் பொய் நோயாளிகளை வைத்துக்கொண்டதுதான். செவிலியர் கற்பனையாக ஒரு பாட்டியைப் படைத்தார். ஏழு மருந்துகள், இரண்டு ஒவ்வாமைகள், பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடும் குணம். அந்தப் பாட்டி பாதியில் போனபோது, தொடங்கிய குறிப்பை எப்படி மூடுவது என்று விற்பனையாளருக்கும் தெரியவில்லை.

முதல் இரண்டு வாரம் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். வருமானம் குறையும், அதற்கும் சேர்த்தே திட்டமிடுங்கள். குறைக்காமல் தொடங்கினால் குறிப்புகளை இரவில் வீட்டில் எழுதுவீர்கள், அந்தப் பழக்கம் பிறகு போகாது. அமெரிக்காவில் 57 மருத்துவர்களை உடனிருந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவர்களது பணிநேரத்தில் 27 சதவீதம் நோயாளியோடு நேரடியாகக் கழிந்ததும், 49 சதவீதம் பதிவேட்டிலும் மேசைவேலையிலும் கழிந்ததும் தெரியவந்தது. அது மென்பொருளின் குற்றம் என்று முன்பு வாதாடுவேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. எங்கள் இடத்தில் என்னுடைய இரவு வேலையில் பாதி, செவிலியர் செய்யக்கூடியதை நான் என்னிடமே வைத்துக்கொண்டதால் வந்தது.

ஜூன் 16

திரையை நோயாளிக்கும் தெரியும்படி பக்கவாட்டில் வையுங்கள். எங்கள் அறையில் மின்இணைப்பு இருந்த சுவர் காரணமாக, முதல் மாதம் முழுக்க நோயாளிகளுக்கு என் முதுகைக் காட்டியே மருத்துவம் பார்த்தேன். முதுகைப் பார்த்தே குணமாகிவிட்டதாக ஒருவர் சொன்னார்.

ஜூன் 20

பெயரும் பிறந்த தேதியும். இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று அட்டைகளாக இருப்பார். அலமாரியில் அது யாருக்கும் பெரிய தொல்லை தரவில்லை, ஏனெனில் மேசையில் இருப்பவருக்கு ஆளின் முகம் தெரியும். கணினிக்கு முகம் தெரியாது. அதனால் ஒவ்வாமை ஒரு கோப்பிலும் மருந்து இன்னொரு கோப்பிலும் ஏறிவிடும். இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து: பெயரும் ஊகப் பிறந்த தேதியும் ஒத்துப்போன இருவரை ஒருவராக இணைத்துவிடுவது. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டுவைத்திருந்ததால், எங்கள் பட்டியலில் ஆண்டுதோறும் புத்தாண்டு அன்று பாதிக் கிளினிக்குக்குப் பிறந்தநாள் வரும். பெயரோடு குறைந்தது இன்னும் ஓர் அடையாளத்தையாவது கேட்டுச் சரிபார்க்காமல் எந்தக் கோப்பையும் திறப்பதில்லை என்ற வழக்கத்தை, காகிதத்தில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். இரட்டைக் கோப்புகளைக் களையும் வேலையும் காகிதத்திலேயே முடியட்டும்.

அளவைகளையும் பாருங்கள். இரண்டு ஆய்வகங்கள் இரண்டு அலகில் முடிவு தருமானால், வெறும் எண்ணை மட்டும் ஏற்றுவது விபரீதம். இரத்தச் சர்க்கரை ஒரு லிட்டருக்கு 7 மில்லிமோல் என்பதும் ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்பதும் ஒன்றே. இரண்டும் ஒரே வரைபடத்தில் அலகில்லாமல் ஏறினால், நோயாளி ஒரு மாதம் செத்துப் பிழைத்ததுபோல் கோடு போகும்.

ஜூன் 24

டெம்ப்ளேட், அதாவது முன்கூட்டியே நிரப்பிவைத்த குறிப்பு வடிவம், பற்றிக் கேட்டவருக்கு என் அவமானத்தை விட நல்ல பதில் இல்லை. விரலில் வெட்டுக்காயத்தோடு வந்த ஒருவர், சில வாரம் கழித்துத் தம் பதிவின் நகலைக் கேட்டு வாங்கினார். படித்துவிட்டு, "என் செவிப்பறை இரண்டும் இயல்பாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, காதை எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். பார்க்கவில்லை. முழு உடல் பரிசோதனை டெம்ப்ளேட்டை ஒரு சொடுக்கில் நிரப்பியிருந்தேன். அது சோம்பலாகத் தொடங்கிப் பொய்ச் சாட்சியமாக முடியும் விஷயம். அன்றே டெம்ப்ளேட்டுகளில் முன்கூட்டி நிரம்பும் "இயல்பு" எல்லாவற்றையும் நீக்கச் சொன்னேன். தலைப்புகள் மட்டும் இருக்கட்டும், பார்த்ததை நாம் நிரப்புவோம்.

மருந்து எழுதும் திரையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே சோதியுங்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிவழி மருந்தாணை முறையை ஆராய்ந்து 2005இல் ஆய்வை வெளியிட்டவர்கள், பிழைக்கு வழிசெய்யும் 22 வகைச் சூழல்களை அதில் கண்டார்கள். ஒரு நோயாளியின் மருந்துகளை முழுவதும் பார்க்க 20 திரைகள்வரை திறக்க வேண்டியிருந்தது அவற்றுள் ஒன்று. உங்கள் மென்பொருளில் எத்தனை திரை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு மேல் போனால் யோசியுங்கள்.

எச்சரிக்கைகளை முதல் நாளே எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதீர்கள். ஒரு மாலையில் நாற்பது எச்சரிக்கை வந்தால், நாற்பத்தொன்றாவதைப் படிக்காமலே விரல் மூடிவிடும். ஒவ்வாமையையும் மிகக் கடுமையான மருந்து மோதல்களையும் மட்டும் வைத்துத் தொடங்குங்கள்.

ஜூன் 28

ஜூன் 6ஆம் தேதிக் குறிப்பைப் படித்த நண்பர், "அப்படியானால் எல்லோருக்கும் எல்லா அனுமதியையும் கொடுத்துவிடலாமே" என்கிறார். நான் சொன்னது அதுவன்று. அனுமதி வேலையை ஒட்டியிருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற பதிவும் இருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவருக்கும் தனி லாகின் வேண்டும். நெரிசல் நேரத்தில் என் லாகினில் மூன்று பேர் வேலை செய்த நாட்கள் எங்களிடமும் உண்டு. அந்த நாட்களின் பதிவுப்படி நான் ஒரே நேரத்தில் ஊசி போட்டு, கட்டணம் வாங்கி, அறுவைக் காயத்துக்குத் தையலும் பிரித்திருக்கிறேன்.

ஜூலை 2

பேக்அப். இருக்கிறது என்று விற்பனையாளர் சொன்னால், "மீட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். எங்களுக்கு ஐந்து மாதமாக ஒவ்வோர் இரவும் "வெற்றி" என்று செய்தி வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தபோது குறிப்புகள் வந்தன. ஸ்கேன் செய்த படங்கள் ஒன்றுகூட இல்லை, அவற்றின் கோப்புறை பட்டியலில் சேர்க்கப்படவே இல்லை. பழைய அட்டைகளை அழித்துவிடலாம் என்று அதற்கு முந்தைய வாரம்தான் பேசிக்கொண்டிருந்தோம். பதிவுகளை எத்தனை ஆண்டு காக்க வேண்டும் என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும். மீட்டுப் பார்த்துச் சரி என்று கண்டு, அந்தக் காலமும் முடிந்த பிறகே அட்டைகளில் கைவையுங்கள்.

குறைந்தது ஒரு நகலாவது கிளினிக்கின் வலையமைப்போடு இணையாமல் வெளியே இருக்க வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் 2017 மே மாதம் தாக்கியபோது இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையில் மூன்றில் ஒரு பங்கு மருத்துவமனை அமைப்புகள் பாதிக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாயின. அது புகுந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. புதுப்பிப்பை யார், எந்த நாளில் நிறுவுவார் என்று பெயர் போட்டு எழுதிவையுங்கள்.

கணினி நின்றால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறோம்: வெற்றுக் குறிப்புத் தாள்கள், மருந்துச்சீட்டுப் புத்தகம், பேனா, அன்றைய முன்பதிவுகளின் அச்சுப்படி. மறுபடி கணினி வந்ததும் அந்தத் தாள்களை ஏற்றுபவர் யார் என்பது மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது.

ஜூலை 9

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வெளியேறும் வழியைப் படியுங்கள். நாளை வேறொரு மென்பொருளுக்குப் போனால் தரவை எந்த வடிவில் தருவார்கள்? பிடிஎஃப் தருகிறோம் என்றால், ஸ்கேன் கதையே மறுபடியும். படித்துப் பார்க்கலாம், புதிய கணினிக்குப் புரியாது. மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்குத் தரநிலை வகுக்கும் எச்.எல்.7 அமைப்பு 2014இல் முதல் வரைவை வெளியிட்ட ஃபயர் (FHIR) போன்ற திறந்த பரிமாற்ற வடிவத்தில் தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, எத்தனை நாளில் தருவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஜூலை 15

தொடக்கத்தைத் தள்ளிவைத்து, அட்டையோடு நடந்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பதினான்கு கைமாற்றம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. என் பதினொன்றும் தவறு என்பது போன வாரம் தெரிந்தது.

இரவில் கிளினிக்கைச் சுத்தம் செய்ய வருபவர் பன்னிரண்டாவது ஆள். நாங்கள் பாதி எழுதி மறந்துவிட்டுப் போன அட்டைகளை, அவர் மேசைகளிலிருந்து பொறுக்கி, வாசலருகே ஒரு கூடையில் போட்டுவைப்பாராம். காலையில் வரவேற்பு மேசைப் பணியாளர் அந்தக் கூடையைப் பார்த்துத்தான், "டாக்டர், இவை முடியவில்லை" என்று என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு அது அவருடைய சுறுசுறுப்பாகவே தோன்றியிருந்தது. இதைக் கேட்ட பிறகு மென்பொருளில் முடிக்கப்படாத குறிப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நான்கு ஆண்டுகளில் 63. நேற்றோடு 41 ஆகியிருக்கிறது.